முப்பத்தைந்து கிழமைகளும் பத்து மாதக் கணக்கும்

1

சித்திரை மூன்றாம் நாள் என் பேத்தி ஆரணிக்கு ஆறு வயது முடிந்தது. பேர்கனில் அன்றும் மழை. நோர்வேக்கு வந்து இத்தனை வருடங்களில் இந்த நகரத்தில் குடை காய்ந்து நான் பார்த்தது குறைவு. மதியம் ஒன்றரை மணிக்கு, அதாவது திருகோணமலையில் பின்னேரம் ஐந்து மணிக்கு, கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்தேன்.

திரையில் சாம்பல்தீவு வீட்டின் முன்கூடம் தெரிந்தது. மேசையில் கேக். மகள் சுகந்தியும் மருமகன் ரவியும் அயல் பிள்ளைகளும் சுற்றி நின்று பாடினார்கள். ஆரணி பாட்டைக் கேட்கவில்லை. அவளுக்குக் காது கேளாது. எல்லோருடைய கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைதட்டுதல் நின்றதும் மெழுகுதிரியை ஊதினாள். பிறகு என்னிடம் ஓடிவந்து, விரல்களை மடக்கி விரித்து ஏதோ சொன்னாள். நான் தலையாட்டினேன். அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. அவள் கை பேசத் தொடங்கிய நாளிலிருந்து நான் இப்படித்தான் தலையாட்டி வருகிறேன்.

சுகந்தி தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வயிற்றில் இருப்பது அவளுக்கு இரண்டாவது பிள்ளை. கட்டிலில் உட்காரவே கஷ்டப்பட்டாள். முகம் வியர்த்திருந்தது.

“அப்பா, காலமையிலயிருந்து இடுப்புக் குத்துது. விட்டுவிட்டு வருகுது. வயிறு கல்லு மாதிரி இறுகிப் பிறகு விடுகுது.”

“எத்தினை கிழமை?”

“முப்பத்தஞ்சாவது கிழமை நாளைக்கு முடியுது. வருசக் கொண்டாட்டத்தில ஆஸ்பத்திரியில ஆக்களும் குறைவாம். கிளினிக் அடுத்த கிழமை. அது மட்டும் பொறுக்கலாம் எண்டு பாக்கிறன். நீங்கள் ஆஸ்பத்திரியில வேலை செய்தனீங்கள்தானே, சொல்லுங்கோ. போகட்டோ, இருக்கட்டோ?”

ஆறு வருடங்களுக்கு முன்னும் என் மகள் இதே கட்டிலில் இருந்து என்னிடம் இதே கேள்வியைக் கேட்டாள். அன்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஊரில் என்னை மதிப்பவர்கள் சிலர் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

2

திருகோணமலையில் நான் உயிரியல் படிப்பித்தவன். உயர்தர வகுப்பில் இதயத்தைக் கரும்பலகையில் வரைந்து அறை அறையாகப் பெயர் குறித்தவன். நோர்வேக்கு வந்து அகதி விண்ணப்பம் நிரப்பியபோது, தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்று எழுதினேன். எதிரே இருந்த பெண் அதை வாசித்தாள், சிரித்தாள், ஒரு முத்திரை குத்தினாள். என் சான்றிதழ்களை எடைபோட அவர்களுக்கு மூன்று வருடங்கள் ஆயின. அதற்குள் நான் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கும் வேலைக்குப் போய்விட்டேன். என்னைப் போட்ட இடம், பிறந்த பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் பகுதி.

மொழி பிடிபடாத அந்த முதல் வருடத்தில் ஒரு பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். இருபது வருடம் பிள்ளைகளைப் பார்த்து “விளங்கிச்சுதோ?” என்று கேட்ட வாய் அது.

ஒரு நாள் தாதி ஒருத்தி நீல வெளிச்சப் பெட்டி ஒன்றைக் காட்டி ஏதோ சொன்னாள். உள்ளே சின்னஞ்சிறு பிள்ளை ஒன்று கண்ணுக்குத் துணி கட்டியபடி படுத்திருந்தது. நான் தலையாட்டினேன். அவள் அப்பால் போனதும், நிலம் துடைக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டுமென்று சுவரில் இருந்த ஒரு செருகியைப் பிடுங்கினேன். நீல வெளிச்சம் அணைந்தது. அவள் ஓடிவந்து திரும்பச் செருகினாள். ஏசவில்லை. சைகையாலும் சின்னச் சின்னச் சொற்களாலும் எனக்கு விளக்கினாள். இந்தப் பிள்ளை நாள் முந்திப் பிறந்தது. பார்க்க முழுப்பிள்ளை போல இருக்கும், ஆனால் ஈரல் இன்னும் பழகவில்லை. மஞ்சள் இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போனால் திரும்ப எடுக்க ஏலாது. நித்திரை கொள்கிறது என்று விட்டுவிடவும் கூடாது, பால் குடிக்கத் தெம்பில்லாமல்தான் இது நித்திரை கொள்கிறது.

“விளங்கியதா?” என்று கேட்டாள்.

அந்தத் தடவை உண்மையாகவே விளங்கியது. அதனால்தான் பின்னர் நான் செய்ததற்கு அறியாமையைச் சாட்டாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

ஊருக்கு எழுதிய கடிதங்களில் “பெரிய ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் பகுதியில் வேலை” என்று மட்டும் எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. துடைப்பத்தைப் பற்றி எழுதவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அயலட்டைக்காரர்கள் என் மனைவியிடம் வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம், அவரைக் கேட்டுச் சொல்லுங்கோ என்று நிற்கத் தொடங்கினார்கள். நானும் சொன்னேன். சொன்னவை பெரும்பாலும் சரியாகவும் இருந்தன. அது இன்னும் கேடாகப் போயிற்று.

குடும்பத்தை இங்கே எடுப்பிக்கும் படிவத்தை நிரப்புவதிலும் நான் பிந்திவிட்டேன். ஒரு பத்திரம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள், அதை எடுக்க மாதங்கள் போயின. அதற்குள் சுகந்திக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது. அவளைத் தவிர மற்றவர்கள் வரலாம் என்று கடிதம் வந்தது. மகன் வந்தான். மகளைத் தனியே விட்டுவர மாட்டேன் என்று மனைவி அங்கேயே இருந்துவிட்டாள். பிறகு அங்கேயே காலமானாள். தாயில்லாத மகள் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்டாள். கறிக்கு உப்புக் கூடினாலும் எனக்குத்தான் அழைப்பு.

3

ஆரணி பிறந்தபோது முப்பத்தைந்து கிழமை, அதாவது இருநூற்று நாற்பத்தைந்து நாள், சரியாக நிறைந்திருந்தது. வருடப் பிறப்புக்கு மூன்றாம் நாள். வலி முந்திவந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. நிறையும் மோசமில்லை. நன்றாக அழுதது. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, கிராமத்து மிட்வைஃபிடம் கவனமாகக் காட்டிக்கொள்ளும்படி சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டில் கதை வேறு விதமாக ஓடியது. ஏழு மாதப் பிள்ளை தப்பும், எட்டு மாதப் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ரவியின் தாய் அதைச் சுகந்தியின் காதுபடச் சொல்லிவிட்டா. மகள் அழுதுகொண்டு எனக்கு எடுத்தாள். நான் ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன். கிளினிக் அட்டையில் உள்ள திகதியை ரவியைக் கொண்டு வாசிப்பித்தேன். கணக்கு ஆடி மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது தொடங்கியிருந்தது. நான் வகுப்பில் நிற்பதுபோலக் குரலை உயர்த்தினேன்.

“ஆடி ஒண்டு, ஆவணி ரெண்டு, புரட்டாதி மூண்டு, ஐப்பசி நாலு, கார்த்திகை அஞ்சு, மார்கழி ஆறு, தை ஏழு, மாசி எட்டு, பங்குனி ஒன்பது, சித்திரை பத்து. பத்து மாதமும் கண்ட பிள்ளை. எட்டு எண்டு ஆர் சொன்னது?”

ஆடியின் கடைசி மூன்று நாளும் எனக்கு ஒரு மாதம். சித்திரையின் முதல் மூன்று நாளும் ஒரு மாதம்.

ரவி சிரித்தார். “மாமா, நல்ல காலம் பிள்ளை இந்த மாதமே பிறந்தது. வைகாசி மட்டும் இருந்திருந்தால் பதினொண்டாக்கி ஆனைக்குட்டி எண்டிருப்பியள்.”

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும் வாயை மூடிக்கொண்டா. மகளின் அழுகையை நிறுத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை. அந்தக் கணக்கை மற்றவர்களை அடக்கத்தான் சொன்னேன். ஆனால் ஒரு பொய்யை உரத்துச் சொன்னால் முதலில் நம்புகிறவன் சொன்னவன்தான்.

ஐந்தாம் நாள் ரவியின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு குரல்.

“ஐயா, நான் மிட்வைஃப் றிஸ்வானா பேசுறன். மகள் படுத்திருக்கா, அதான் வெளிய வந்து எடுக்கன். பிள்ள நல்லா மஞ்சளிச்சிருக்கு. முகத்தில மட்டுமில்ல, பாதம் வரைக்கும் இறங்கிட்டு. எழுப்பினாலும் பால் குடிக்குதில்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க எண்டன், அப்பாவைக் கேக்கணும் எண்டு நிக்கிறா.”

அவ கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து ஸ்கூட்டரில் வேலைக்கு வருகிறவ. விடுமுறை நாளிலும் வந்திருந்தா. நான் கேட்டேன்:

“காலமை வெயிலில பிடிச்சால் இறங்கும்தானே மிஸ்? என்ர மகனுக்கும் அப்பிடித்தான் இறங்கினது.”

“வெயில்ல இறங்குற மஞ்சள் இல்ல ஐயா இது. முப்பத்தஞ்சு கிழமைப் பிள்ள.”

“பத்து மாதம் கண்ட பிள்ளை.”

“பிள்ளைட ஈரலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது ஐயா” என்றா. “கோவிக்காதீங்க. ஐயா அங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? உங்கட பேச்சத்தான் இவங்க கேக்குறாங்க. இண்டைக்கே கொண்டு போங்க எண்டு ஒரு வார்த்த சொல்லிருங்க.”

“ஓம், நான் சொல்லுறன்” என்றேன்.

பிறகு மகளிடம் சொன்னது இது: “நான் மிஸ்ஸோட விரிவாக் கதைச்சிட்டன். பயப்பிட ஒண்டுமில்லை எண்டு அவவும் ஒத்துக்கொண்டா. காலமை வெயிலில பிடி. ரெண்டு நாள் பாப்பம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆறு வருடமாக என்னையே கேட்கிறேன். பிள்ளையைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினால், எட்டு மாதம் என்று சம்பந்தி சொன்னது சரியாகிவிடும். என் பத்து மாதக் கணக்கு பலர் முன்னிலையில் பிழையாகிவிடும். பஞ்சாங்கம் பற்றி அந்த மிட்வைஃப் சொன்னதும் சுட்டது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் தேடிக் கிடைக்கவில்லை.

4

நீல வெளிச்சத்தின் கீழ் பிள்ளைகள் படுத்திருக்கும் அறையை அந்த இரண்டு நாளும் நான் துடைத்தேன். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். வாளியை வைத்துவிட்டு ஒரு பெட்டியின் முன் நின்றேன். இங்கே வெயிலே இல்லை, அதனால்தான் இவர்கள் விளக்கு வைத்திருக்கிறார்கள், எங்களிடம் சித்திரை வெயில் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உயிரியல் படிப்பித்த மனிதன் இப்படி நினைத்தான்.

சுகந்தி காலையும் மாலையும் எடுத்தாள். “நல்ல பிள்ளை அப்பா. அழுகிறதே இல்லை. ஒரே நித்திரை.”

“நித்திரை நல்லது” என்றேன். தாதி என்ன சொன்னாள் என்பது எனக்கு மறக்கவில்லை. சொன்ன சொல்லை மாற்ற இன்னொரு சொல் வேண்டியிருந்தது, அது வாயில் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை மிஸ் திரும்ப வந்தா. பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும், எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வந்தாவாம். முற்றத்தில் வெயிலில் துணி விரித்து, அதன் மேல் ஆரணி. உடம்பு பின்னுக்கு வளைந்து, கத்துகிற சத்தம் பூனையின் சத்தம்போல இருந்ததாம். மிஸ் தானே பிள்ளையைத் தூக்கி, ஓட்டோ ஒன்றை மறித்து ஏறினா. சுகந்தி செருப்பில்லாமல் பின்னால் ஓடி ஏறினாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் மாற்றினார்கள். அவர்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். உயிர் தங்கியது.

ஒரு வயதில் காது சோதித்து, மஞ்சள் கேள்வி நரம்பைக் கெடுத்துவிட்டது என்று சொன்னார்கள்.

சுகந்தி அதன் பிறகு மிஸ்ஸை வாசல் ஏற விடவில்லை. முதலில் கொண்டு போ என்றா, பிறகு அப்பாவோடு கதைத்துவிட்டு வேண்டாம் என்றா, உறுதியாக ஒன்றைச் சொல்லத் தெரியாதவவுக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரெல்லாம் சொன்னாள். எனக்கும் சொன்னாள். நான் தொலைபேசியின் இந்த முனையில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் மகளும் அவவுக்கு ஏசினாள், மகளின் அயலும் ஏசியது. மிஸ் ஒரு நாளும் தன் பக்கத்தைச் சொல்லவில்லை.

5

“போகட்டோ, இருக்கட்டோ?” என்று சுகந்தி திரும்பவும் கேட்டாள்.

“உடன போ. இப்பவே போ.”

“சும்மா பொய் வலியாயும் இருக்கலாம்தானே அப்பா? போய்த் திரும்பி வந்தால் சிரிப்பினம்.”

“என்னைக் கேளாதை பிள்ளை. மிஸ்ஸைக் கூப்பிடு.”

“எந்த மிஸ்? அவவோ?” அவள் குரல் மாறிவிட்டது. “நேற்றும் வந்து படலையில நிண்டவ. நான் கதவு திறக்கேல்ல. அவவைக் கூப்பிடுறதிலும் பார்க்க நான் வீட்டிலயே கிடக்கிறன்.”

அப்போது சொன்னேன். எழுதிவைத்து வாசித்ததுபோல எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் அன்றைக்கே கொண்டு போகச் சொன்னதையும், ஒத்துக்கொண்டா என்பது என் பொய் என்பதையும் சொன்னேன். நடுவில் அவளுக்கு ஒரு வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, “நீங்கள் அங்க ஆஸ்பத்திரியில…” என்று தொடங்கினாள்.

“நிலம் துடைச்சனான், பிள்ளை. வந்த நாளிலயிருந்து பென்சன் எடுக்கிற நாள் மட்டும் நிலம்தான் துடைச்சனான்.”

முன்கூடத்தில் பிள்ளைகள் கூச்சலிடுவது கேட்டது. சுகந்தி என்னைப் பார்க்கவில்லை, கட்டில் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மனிசியை நான் ஏசாத ஏச்சில்லை அப்பா” என்றாள். திரை இருண்டது.

நான் திரும்ப எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. ரவிக்கு எடுத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாளா, கோபத்தில் கட்டிலிலேயே கிடக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒஸ்லோவில் இருக்கும் மகனுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பிள்ளைகளோடு நோர்வேஜிய மொழியே பேசுகிறவன். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவான்.

“நீங்கள் டொக்டர் இல்லைத்தானே அப்பா. பிறகு ஏன் சொன்னீங்கள்?”

அவனுடைய தமிழில் சுற்றி வளைக்க இடமில்லை. தொலைபேசியை வைத்தேன். மழையில் கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஒரு கப்பல் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தேன். தொலைபேசியில் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை பழைய நாட்குறிப்பில் றிஸ்வானா மிஸ்ஸின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன். இரண்டாம் மணியிலேயே எடுத்தா. நான் பெயர் சொன்னதும் பெருமூச்சு விட்டா.

“நேத்து மகளே எனக்கு எடுத்தா ஐயா. ஒண்டும் பேச ஏலாம அழுதா. அழுறத பிறகு பாப்பம், முதல்ல வெளிக்கிடுங்க எண்டு ஓட்டோவோட போனன். இண்டைக்கு விடியப் பிறந்திட்டு. ஆம்பிளப் பிள்ள. மூச்சு கொஞ்சம் இளைக்குது, குளிரவும் செய்து. தாய்ட நெஞ்சில தோலோட தோலாப் போட்டிருக்காங்க. மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுப்பணும், குடிக்காட்டி பாலை எடுத்துக் கோப்பையால பருக்கணும். மஞ்சள் வந்தா லைட்ல வைப்பாங்க.”

“தப்புமோ மிஸ்?”

“பாத்துக்கொண்டிருக்காங்க ஐயா. அதுக்கு மேல எனக்குத் தெரியா.”

தெரியாது என்பதை அவ எவ்வளவு இலேசாகச் சொன்னா!

“மிஸ், ஆறு வருசமா உங்களை…”

“எனக்கு அண்டைக்கே விளங்கிட்டு ஐயா, நீங்க சொல்லல்ல எண்டு. ஆனா நானும் ரெண்டாந்தரம் உள்ள போய் அந்தப் புள்ளைக்குச் சொல்லியிருக்கணும். ஐயா ஆஸ்பத்திரிக்காரர் எண்டு நம்பிட்டன்.” அவ மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை. “மகள் உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டவ. நான்தான் மனசு கேக்காமச் சொல்றன். இனி எனக்கு எடுக்காதீங்க, அவ எடுப்பா.”

அவள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ரவியின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் திரையில் ஆரணியின் முகம் நிறைந்துவிட்டது. தானே அழுத்தியிருக்கிறாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. பின்னால் சாம்பல்தீவு வீட்டின் சுவரும் அலுமாரியும் தெரிந்தன.

இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில்போல ஆட்டினாள். தம்பி. அது எனக்கு விளங்கியது. பிறகு உள்ளங்கையால் தன் இரண்டு கண்களையும் மூடிக்காட்டினாள். அதுவும் விளங்கியது. கண்ணுக்குத் துணி கட்டியிருக்கிறார்கள், நீல வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். நான் எத்தனை வருடம் பார்த்த காட்சி.

மூன்றாவதாக, இரண்டு விரல்களை நெஞ்சில் வைத்து, காதுப் பக்கம் கொண்டுபோய், காற்றில் ஏதோ எழுதுவதுபோல விரித்தாள். தம்பிக்குச் சுகமென்கிறாளா, மஞ்சள் ஏறிவிட்டதென்கிறாளா, அம்மா அழுகிறா என்கிறாளா? முகத்தைப் பார்த்தால் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. முக்கியமான ஒன்றைச் சொல்கிற முகம். சொல்லிவிட்டு, நான் வழக்கம்போலத் தலையாட்டுவேன் என்று காத்திருந்தாள். என் தலையும் தானாகவே அசையத் தொடங்கிற்று.

நிறுத்தினேன். இடமும் வலமுமாக அசைத்தேன். விளங்கவில்லை.

ஆரணி வியப்போடு பார்த்தாள். திரும்பவும் செய்தாள், மெதுவாக. நான் திரும்பவும் இல்லையென்று தலையை அசைத்தேன். அவள் தொலைபேசியை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளும் எனக்கு நன்றாகத் தெரியும்படி ஓரடி பின்னுக்குப் போய் நின்று, தொட்டிலிலிருந்து தொடங்கினாள்.